கண்டோர் என்ன சொன்னார்கள்?

இரண்டு வருசத்துக்கு முன்னால், அம்பேத்கர் பிறந்தநாள் ராத்திரி, எங்கள் வட்டாரத்துக் காலனி ஒன்றில் 'சைராட்' படம் போட்டோம். இரவுப் பாடசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் வாங்கின ப்ரொஜக்டரை ஸ்டூல்மேல் வைத்து, ஐம்பது அறுபது பேர் மண்தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மராத்திப் படம். அடியில் ஓடுகிற இங்கிலீஷ் வரிகளைப் படித்துப் படித்து நான் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாட்டு வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். ஆர்ச்சி புல்லட் ஓட்டிக்கொண்டு வந்தபோது பெண்பிள்ளைகள் அடித்த விசில் ஊர்த்தெருவரைக்கும் கேட்டிருக்கும். கடைசிக் காட்சிக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அங்கே சத்தமே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வெளியே போயிருந்த குழந்தை திரும்பி வருகிறது. அப்பாவும் அம்மாவும் ரத்தத்தில் கிடக்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டே வெளியே நடக்கிறது. அதன் பாதம் தரையில் சிவப்பாகப் பதிந்துகொண்டே போகிறது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா தன் மகன் கையைப் பிடித்து எழுப்பினார். செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர். "பாத்துக்கினியாடா? இதுக்குத்தான் நான் தலதலயா அடிச்சிக்கிறேன். எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருசம். போகும்போது என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பத்து நாளைக்கு முன்னால்தான், தன்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற ஊர்த்தெருப் பெண்ணைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தான். "தப்பாக்கா?" என்று கேட்டான். "தப்பில்ல" என்று நான் சொன்னேன். அந்த "தப்பில்ல"வுக்குப் பிறகு நான் போட்டுக் காட்டிய படம் இது.

ஒயரைச் சுற்றிப் பையில் போட்டு, வண்டியில் ஏறி, பதினோரு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். சாதி ஒழிப்புக்காகப் போட்ட படம். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்தப் படம் யாருக்கு வேலை செய்தது? ஊர்த்தெருக்காரன் அருவாளோடு வந்து காலனியில் நின்று சொல்ல வேண்டியதை நான் ப்ரொஜக்டர் வைத்துச் சொல்லிவிட்டு வந்தேனா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். உண்மையைக் காட்டுவது எப்போதும் நல்லதுதானா? காட்டுகிறவருக்கு என்ன கடமை இருக்கிறது? பார்த்தவருக்கு என்ன கடமை இருக்கிறது?

எதார்த்தம் என்ற சொல்லை நாம் ரொம்ப மரியாதையோடு பயன்படுத்துகிறோம். உள்ளதை உள்ளபடி காட்டுவதாம். பொய்க் காதல், சுவிட்சர்லாந்து டூயட், கடைசியில் பணக்கார மாமனார் மனம் திருந்துவது என்று பார்த்துச் சலித்த நமக்கு எதார்த்தப் படம் ஒரு விடுதலை மாதிரித்தான் இருந்தது. ஆனால் சாதிக்கும் எதார்த்தம் பிடிக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேரை வெட்டினார்கள். நம் பையன் இறந்தான். அந்தப் பெண் தலையில் வெட்டுக் காயத்தோடு பிழைத்தார். கடை வாசலில் இருந்த கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. அது டி.வி.யில் ஓடியது. செல்போன் செல்போனாகப் போனது. காலனியில் அதைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதோம். ஊர்த்தெருவிலும் அதே படத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே அது வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் காட்டப்பட்ட பாடம். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் பேருந்து நிலையத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டுகிறான். பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் கொலையில் பாதி வேலைதான் முடிகிறது.

அதிலிருந்து 47 நாள் கழித்து, 2016 ஏப்ரல் 29ஆம் தேதி, மராட்டியத்தில் 'சைராட்' வெளிவந்தது. எடுத்தவர் நாகராஜ் மஞ்சுளே. சோலாப்பூர் மாவட்டத்துக் கர்மாளா வட்டாரத்தில் பிறந்த தலித். மராத்தி சினிமாவில் அதுவரை எந்தப் படத்துக்கும் கூடாத கூட்டம் அதற்குக் கூடியது. கேமரா பிடித்ததும் கொலை, மஞ்சுளே எடுத்ததும் கொலை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்திய சினிமாவில் இந்தக் கதை பழைய கதை. 1936இல் பம்பாய் டாக்கீஸ் 'அச்சுத் கன்யா' எடுத்தது. ரயில்வே கேட் காவல்காரரின் மகளான தீண்டாச் சாதிப் பெண்ணாகத் தேவிகா ராணி, பார்ப்பனப் பையனாக அசோக் குமார். முடிவில் அவள் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள், தியாகி ஆகிறாள். அதே 1936இல்தான், லாகூரில் பேச அழைத்தவர்கள் பின்வாங்கிய உரையை அம்பேத்கர் தன் செலவில் அச்சடித்தார். சாதியை ஒழிக்கச் சமபந்தி போஜனம் போதாது, ரத்தக் கலப்பு வேண்டும், கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்று அதில் சொன்னார். அதற்கும் இருபது வருசம் முன்பே, 1916இல், கொலம்பியாவில் படித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டார் அவர். தன் கூட்டத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்ற கதவு மூடிக்கொண்டதால்தான் சாதி உண்டானது. அந்தக் கதவைக் காக்கத்தான் உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் வந்தன என்று அவர் விளக்கினார். இளம்பிள்ளைகளின் காதல்மேல் இந்தச் சமூகத்துக்கு ஏன் இவ்வளவு கண் என்று கேட்பவர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும். அங்கேதான் சாதி பிறக்கிறது. அதனால் அங்கேதான் காவல் அதிகம்.

அம்பேத்கர் மருந்து என்று சொன்னதைச் சினிமா ரொம்ப நாளைக்குத் தலைவிதி என்றே காட்டிவந்தது. 1959இல் வந்த பிமல் ராயின் 'சுஜாதா'வில் பெண் சாகவில்லை. ஆனால் வளர்த்த பார்ப்பனத் தாய்க்குத் தன் ரத்தத்தைக் கொடுத்த பிறகுதான் அவள் மகளாகிறாள், மருமகளாகவும் தகுதி பெறுகிறாள். நம் ரத்தம் வெளியே வந்தால்தான் நம்மை மனுசராக ஒத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. 1997இல் தமிழில் 'பாரதி கண்ணம்மா' வந்தது. பண்ணையார் மகள் செத்துப்போக, சேரிப் பையன் அவள் சிதையில் விழுகிறான். 1916இல் அம்பேத்கர் காட்டிய உடன்கட்டை இங்கே நம் ஆம்பளைப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. 2004இல் 'காதல்'. மதுரை மெக்கானிக் பையன் பைத்தியமாகித் தெருவில் திரிகிறான். அவளைக் கட்டிக்கொண்ட கணவன் பெருந்தன்மையோடு அவனைச் சேர்த்துக்கொள்கிறான். தியேட்டரில் அந்தக் கணவனுக்குத்தான் கைதட்டல். தாலியை அறுத்து அடித்துப் பிரித்த கூட்டம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் படங்களை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்துவிட்டு நாமும் அழுதிருக்கிறோம். ஆனால் அந்த அழுகை கொன்றவனைத் தொடவில்லை. விதி, பாவம், தியாகம் என்று எதையாவது சொல்லி அவனைத் தப்பவிட்டது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். காதலுக்கு இலக்கணம் எழுதின மொழி நம் மொழி என்று வகுப்பில் பெருமையோடு சொல்லித்தருவார்கள். களவு, கற்பு, உடன்போக்கு. வீட்டில் பூட்டி வைத்தால் இற்செறிப்பு. ஊர் தூற்றினால் அலர். வேற்றாள் பெண் கேட்டு வந்தால் நொதுமலர் வரைவு. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளைக்கு ஊர் செய்கிற எல்லாவற்றுக்கும் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே நம்மிடம் சொல் இருக்கிறது. எங்களுக்கு உடன்போக்கு நடத்தின பேராசிரியர் உருகி உருகி நடத்தினார். அதே வருசம் எங்கள் வகுப்பில் ஒரு பையனும் பெண்ணும் ஓடிப்போனார்கள். பையன் காலனி, பெண் ஊர். மறுநாள் பெண்வீட்டார் நாலைந்து பேர் துறைக்கு வந்து நின்றார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த பையனின் வீட்டு விலாசத்தை எடுத்துக் கொடுத்தவர் அந்தப் பேராசிரியர்தான். "படிக்க வந்த எடத்துல படிப்ப பாக்கணும்" என்று எங்களுக்கும் புத்தி சொன்னார்.

அன்றைக்கு எனக்குக் கலித்தொகையில் வரும் ஒரு காட்சி ஞாபகம் வந்தது. மகள் காதலனோடு போய்விட்டாள். செவிலித்தாய் பாலை வழியில் தேடிப் போகிறாள். எதிரே வருகிற துறவிகளிடம் "பார்த்தீர்களா" என்று கேட்கிறாள். அவர்கள் பார்த்ததை மறைக்கவில்லை. பார்த்தோம், ஆனால் தேடாதே, அவள் போனதுதான் அறம் என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பொருளிலக்கணம் இதற்குக் கண்டோர் கூற்று என்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோரோடு, வழியில் பார்த்தவர்களுக்கும் பேச ஒரு இடம் உண்டு. எங்கள் பேராசிரியரும் ஒரு கண்டோர்தான். அவருடைய கூற்று ஒரு விலாசமாக இருந்தது.

பழைய இலக்கியத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் நிறுத்துகிறது. அடிமைகளுக்கும் ஏவல் செய்கிறவர்களுக்கும் கைக்கிளையும் பெருந்திணையும்தான். ஒருதலைக் காமம், பொருந்தாக் காமம். அதாவது உழைக்கிறவன் காதலித்தால் அது ஒருதலையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தாததாக இருக்க வேண்டும். இலக்கணத்திலேயே நமக்குக் காலனி ஒதுக்கியாகிவிட்டது.

மஞ்சுளேவின் முதல் படம் 'ஃபண்ட்ரி' (2013) அந்தக் கைக்கிளையைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஃபண்ட்ரி என்றால் கைக்காடி மொழியில் பன்றி. ஊருக்கு வெளியே இருக்கும் கைக்காடிக் குடும்பத்துப் பையன் ஜப்யா, தன் வகுப்பில் படிக்கும் மேல்சாதிப் பெண் ஷாலுவை விரும்புகிறான். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கருங்குருவி ஒன்றைப் பிடித்து எரித்து அதன் சாம்பலைத் தூவினால் அவள் மனம் திரும்பும் என்று நம்பிக் கவணோடு காட்டில் அலைகிறான். இந்தப் படத்தில் கொலை கிடையாது, அருவாள் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடும்பமே பன்றி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊரே நின்று வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. ஷாலுவும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புப் போதும். ஒரு பையனின் காதலைக் கொல்ல அதற்குமேல் ஆயுதம் வேண்டாம். இடையில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது, குடும்பம் அசையாமல் நிற்கிறது, பன்றி ஓடிவிடுகிறது. பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் புலேயும் படமாக இருக்கிறார்கள். கடைசியில் கேலி செய்து துரத்துகிறவனை நோக்கி ஜப்யா கல்லெறிகிறான். அந்தக் கல் நேராக நம்மைப் பார்த்து வருகிறது. படம் முடிகிறது.

அந்தக் கல் யார்மேல் எறியப்பட்டது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்கள்மேல்தான். அந்த இடத்தில் நாமும் கண்டோராகிவிடுகிறோம். சும்மா பார்த்துவிட்டுப் போக இங்கே உனக்கு இடமில்லை என்று அந்தப் பையன் சொல்கிறான்.

இனி 'சைராட்'டுக்கு வருகிறேன். படம் போட்ட மறுவாரம் இரவுப் பாடசாலைக்குப் போனபோது பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "எல்லாரும் கடசி சீனையே பேசறீங்கக்கா. அவங்க தோச கடையில வேல செஞ்சி, வாடகைக்கு வீடு எடுத்து, சண்ட போட்டு, சேர்ந்து, கொழந்த பெத்து பொழச்சாங்க இல்ல? அத ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?" எம்.ஏ. படித்த எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

உண்மைதான். மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம். கொலை சில நிமிசம். முதல் பாதி முழுக்கச் சந்தோசம். கிணற்றில் குதிக்கிறான், கரும்புக் காட்டில் ஓடுகிறாள். மீன்பிடிக்கிறவன் மகனுக்கு இவ்வளவு சந்தோசம் இருக்கலாம் என்று காட்டுவதே ஒரு கலகம். ஓடிப்போனதும் பாட்டெல்லாம் நின்றுவிடுகிறது. ஐதராபாத். ரயில் நிலையத்தில் படுக்கிறார்கள். ஒரு பெண் தன் குடிசைப் பக்கம் அவர்களுக்கு ஒரு அறை கொடுக்கிறாள். பண்ணையார் மகள் நாற்றம் தாங்காமல் அழுகிறாள். அவன் தோசை சுடுகிறான், அவள் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள், தெலுங்கு கற்கிறாள். அவன் அவளைச் சந்தேகப்படுகிறான், அடிக்கவும் செய்கிறான். பாட்டீல் வீட்டில் இருந்த ஆம்பளைத்தனம் இவன் கைக்குள்ளும் இருக்கிறது என்று மஞ்சுளே ஒளிக்காமல் காட்டுகிறார். அவள் கோபித்துப் போகிறாள், திரும்புகிறாள். பதிவுத் திருமணம், குழந்தை, புதுவீட்டுக் கனவு. வாழ்கிறார்கள். சாதி கலந்தால் குடும்பம் உருப்படாது என்ற பேச்சை அந்தத் தோசைக்கல் பொய்யாக்குகிறது. கொலைகாரர்கள் வந்தபோது அவர்கள் கண்முன் இருந்தது நன்றாக ஓடுகிற ஒரு வீடு. அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கண்காணிப்புக் கேமராவுக்கு இந்த வாழ்க்கை தெரியாது. அது வெட்டுக்கு ஒரு நிமிசம் முன்னால் ஆரம்பிக்கிறது. அங்கே கொல்லப்பட்டவர்கள் வெறும் பிணம், பாடம், எச்சரிக்கை. 'சைராட்'டின் கேமராவோ கொலையையே காட்டவில்லை. அதற்கு முன்னால் இருந்த வாழ்க்கையைக் காட்டுகிறது, அதற்குப் பின்னால் நிற்கிற குழந்தையைக் காட்டுகிறது. எதார்த்தம் என்றால் சாவுதான் என்று நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். வாடகை, வாய்ச்சண்டை, சமாதானம் இவையும் எதார்த்தம்தான். சாதிக்குப் பிடிக்காத எதார்த்தம். 2018இல் இந்தப் படத்தை 'தடக்' என்று இந்தியில் எடுத்தார்கள். அரண்மனை மாதிரி வீடுகள் வந்தன, சாதி கிட்டத்தட்டக் காணாமல் போனது. அதிர்ச்சி மட்டும் மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கொலைகாரர்கள் கதவை உடைத்து வரவில்லை. ஆர்ச்சி அம்மாவுக்குப் போன் செய்கிறாள். அண்ணன் அம்மா கொடுத்த சீரோடு வருகிறான். அவள் சந்தோசமாக டீ போடுகிறாள். பாசத்தின் வழியாகத்தான் சாவு உள்ளே வருகிறது. சமூகக் கட்டுப்பாடு என்று நாம் மேடையில் பேசுவது போலீஸ், பஞ்சாயத்து, அருவாள். வீட்டுக்குள் அதன் பெயர் பாசம். "ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பதுதான் அதன் பாஷை.

அப்படியானால் அந்தச் சூளைக்கார அம்மாவும் பாட்டீலும் ஒன்றா? இல்லவே இல்லை. அவன் மானத்துக்குப் பயப்படுகிறான், இவர் மகன் உயிருக்குப் பயப்படுகிறார். 2003இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் நம் பையனுக்கும் அவன் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் நஞ்சு புகட்டி எரித்த செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதற்குத் தீர்ப்பு வரவே 2021 ஆகிவிட்டது. 2012 நவம்பரில், ஒரு காதல் கல்யாணத்துக்காகத் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. காதலித்தது ஒருவன், எரிந்தது ஊரெல்லாம். அந்த அம்மாவின் பயத்துக்கு இவ்வளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் கடைசியில் ஊர்த்தெருவுக்குத்தான் காவல் காக்கிறது. கூலி வாங்காத காவல். இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும்.

நமக்குள்ளேயும் கொஞ்சம் பார்ப்போம். நம் பையன் ஊர்ப்பெண்ணை விரும்பினால் புரட்சி என்கிறோம். நம் பெண் யாரையாவது விரும்பினால் "இயக்கத்துல இருக்கற ஊட்டுப் பொண்ணு இப்படிப் பண்ணலாமா" என்கிறோம். என்னிடமே சொன்னார்கள். நமக்குள் ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரர் வீட்டில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை வராது. 1916 கட்டுரை நம் வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 'ஃபண்ட்ரி'யிலேயே பாருங்கள்: அக்காவின் கல்யாணச் செலவுக்காகத்தான் அப்பா பன்றி பிடிக்க ஒத்துக்கொள்கிறார். அந்த அக்கா யாரை விரும்பினாள் என்று படமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 'பரியேறும் பெருமாள்' (2018) நம் மனசாட்சியை உலுக்கின படம். பரியனை உயிரோடு வைத்துக் கதையை முடித்ததற்காக மாரி செல்வராஜுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சாவைக் காட்டாமலும் சாதியைக் காட்டலாம் என்று அவர் நிரூபித்தார். ஆனாலும் ஒரு குறை உண்டு. ஜோவுக்குக் கடைசிவரை எதுவுமே தெரியாது. தன் பெயரால் ஒருவனைக் கொல்லப் பார்த்தார்கள் என்பதுகூடத் தெரியாமல் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருப்பதுதானே இற்செறிப்பு? ஆர்ச்சி அப்படியில்லை. காவல் நிலையத்தில் நின்று நானாகத்தான் போனேன் என்று கத்துகிறாள். சேரிப் பெண்ணின் காதலை அவள் வாயாலேயே பேசவைக்க 2022இல் பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ரெனேவைப் பார்த்து முகம் சுளித்த நம் தோழர்களையும் எனக்குத் தெரியும்.

இப்போது என் கேள்விக்குத் திரும்புகிறேன். நான் அந்தப் படத்தைப் போட்டது தப்பா? போட்டது தப்பில்லை. போட்டுவிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பியதுதான் தப்பு. வழி தெரியாதவனுக்குப் பள்ளத்தை மட்டும் காட்டினால் அது மிரட்டல். பள்ளத்தையும் காட்டி, கூட நின்று, சுற்றிப் போகிற பாதையையும் சொன்னால்தான் அது உண்மை பேசுவதாகும். "தப்பில்ல" என்று அந்தப் பையனிடம் நான் சொன்ன ஒற்றை வார்த்தையும் அதே மாதிரி பாதி உண்மைதான். அவனுக்கு 21 ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு 18 ஆகவில்லை. ஓடினால் அவன்மேல் முதலில் விழுவது போக்சோ வழக்கு. இதைச் சொல்லாமல் "காதல் புனிதமானது" என்று பேசுகிறவர் அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறார். இதை மட்டும் சொல்லி "படிப்ப பாரு" என்று நிறுத்துகிறவர் எங்கள் பேராசிரியர்.

அதனால் மறுபடி போனேன். நாலைந்து வாரம் போனேன். படத்தின் நடுப்பகுதியை மட்டும் திரும்பப் போட்டோம். அதை வைத்துப் பேசினோம். 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். அது காதலர்களுக்குச் சட்டம், தேடி வருகிறவர்களுக்குத் துப்பு. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தில் புரோகிதரும் வேண்டாம், அந்தப் பலகையும் வேண்டாம். 2018 மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் சொன்னது: மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளரும் சமூகநல அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் சேர்ந்த தனிப்பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும், பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் அரசு யோசிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு காகிதத்தில் இருக்கிறதா, கதவோடு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினோம். சட்டம் காப்பாற்றிவிடும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. 2025 ஜூலையில்கூடப் பாளையங்கோட்டையில் நம் பிள்ளை ஒருவனை வெட்டிப் போட்டார்கள். ஆனால் ஐதராபாத்தில் அறை கொடுத்த அந்தப் பெண் சட்டம் படித்தவளா? அவள் ஒரு கண்டோர். பார்த்தாள், கதவைத் திறந்தாள். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு கதவு இருந்தால் அந்தச் சூளைக்கார அம்மாவின் பயம் கொஞ்சம் குறையும். அந்தக் கதவுகளைப் பட்டியல் போடுவதுதான் இப்போது எங்கள் வேலை. சொல்வதற்குச் சின்ன வேலை.

உடுமலையில் பிழைத்த அந்தப் பெண் தலைக்காயம் ஆறிய பிறகு பறை கற்றார், சாதி ஒழிப்பு மேடைகளில் நின்று பேசினார். கேமராவின் படத்தை எச்சரிக்கையாகக் காட்டின ஊருக்கு அது அவர் கொடுத்த பதில்.

அந்தப் பையன் இப்போது படிப்பை முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் அப்ரன்டீசாகப் போகிறான். காதல் என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. அவனே சொல்லும்போது சொல்லட்டும். போன மாசம் அவன் அம்மாவைச் சூளை வேலை முடிந்து வரும் வழியில் பார்த்தேன். தலையில் விறகுச் சுமை. நின்றார். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிவிட்டு, "ஏம்மா, அன்னிக்கி ஒரு படம் போட்டியே, அந்தக் கொழந்தய அப்புறம் யாரு எடுத்து வளத்தாங்க?" என்று கேட்டார்.

படத்தில் அது வரவில்லை என்று சொன்னேன்.

"யாராச்சும் எடுத்திருப்பாங்க. பக்கத்து ஊட்டுக்காரி ஒருத்தி இருந்தாளே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.